விஞ்ஞானப் படங்களும் வசூல் என்னும் தராசும்

ஒரு திரைப்படம் வெளிவந்த மறுநாளே, "வசூல் எப்படி?" என்னும் வினா எழுந்துவிடுகின்றது. படம் நன்றாயிருந்ததா என்று கேட்பது அதற்குப் பின்னரே. சில வேளைகளில் கேட்பதே இல்லை. கூட்டம் கூடிய இடத்தில் குணமும் கூடியிருக்கும் என்பது உலகோர் நம்பிக்கை. அந்நம்பிக்கை விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்குப் பொருந்துமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

இவ்வாராய்ச்சி திருப்பதி வாழ் தமிழராகிய நமக்கு அயலானதன்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் இம்மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தது. விண்வெளி இன்று நம் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டுச் செய்தி. அன்றியும், வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசி வாழும் நமக்கு இருமொழிப் படங்களையும் கண்டு ஒப்பிடும் வாய்ப்பு இயல்பாகவே வாய்த்திருக்கின்றது.

முதலில் உலக வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1902-இல் பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் மெலியே, சந்திர மண்டலப் பயணத்தைப் படமாக்கினார். கண்டோர் வியந்தனர். ஆனால் அமெரிக்காவில் அவர் இசைவின்றியே படிகள் எடுத்துப் பிறர் பணம் ஈட்டினர். படைத்தவரோ பிற்காலத்தில் பாரிஸ் நகரின் இரயில் நிலையம் ஒன்றில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார். 1927-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' பெரும் பொருட்செலவில் உருவாகிப் பெரும் நட்டத்தில் முடிந்தது. அதனை வெட்டிச் சுருக்கினர். வெட்டிய பகுதிகள் காணாமற் போயின. 2001-இல் அப்படம் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2008-இல் அர்ஜென்டினாவின் தலைநகரில் அதன் நீண்ட படி ஒன்று கண்டெடுக்கப்பட்டபோது உலகமே மகிழ்ந்தது. வசூல் குப்பையில் தள்ளியதைக் காலம் தேடி எடுத்தது.

ஆயின், வசூல் பெற்றவை யாவும் தரமற்றவை என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். 1982 ஜூன் திங்களில் அமெரிக்காவில் இரு படங்கள் இரண்டு வார இடைவெளியில் வெளிவந்தன. வேற்றுலகச் சிற்றுயிர் ஒன்றுக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே மலர்ந்த நட்பைக் கூறிய 'ஈ.டி.' வசூலில் உலகை வென்றது. மனிதனைப் போன்றே உருவாக்கப்பட்ட செயற்கை மனிதரின் துயரைக் கூறிய 'பிளேடு ரன்னர்' எதிர்பார்த்த வசூலைப் பெறாமல் வாடியது. காத்துப் போற்றத்தக்க படங்களுக்கென அமெரிக்கர் வைத்திருக்கும் தேசியப் பதிவேட்டில், தோற்ற படம் 1993-இலும் வென்ற படம் 1994-இலும் சேர்க்கப்பட்டன. தரத்தின் சந்நிதியில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. வசூல் அங்கே சாட்சி சொல்ல அழைக்கப்படவே இல்லை.

இனி நம் தமிழ் உலகிற்கு வருவோம். 1963 ஏப்ரலில் 'கலை அரசி' வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க, ஏ. காசிலிங்கம் இயக்கிய படம் அது. விஞ்ஞானத்தில் உயர்ந்தும் கலையறியாத வேற்றுக் கோளத்தார், இசைவல்ல பெண்ணொருத்தியைப் பூமியிலிருந்து கவர்ந்து செல்வதே கதை. விஞ்ஞானம் மட்டும் வளர்ந்து கலை வறண்ட உலகம் எப்படியிருக்கும் என்பது எத்துணை அரிய கேள்வி! யூரி ககாரின் விண்ணேறி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் பாய்ந்ததோ, படம் வந்து ஏழு திங்கள் கழித்துத்தான். எனினும் எம்.ஜி.ஆரின் பெருவெற்றிப் படங்களை அடுக்கிக் கூறுவோர் 'கலை அரசி'யைக் கூறுவது அரிது. விளைவு என்ன? 2018-இல் 'டிக் டிக் டிக்' வந்தபோது இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என விளம்பரம் செய்யப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவரை வேற்றுக் கோளத்திற்கு அழைத்துச் சென்ற படம் நினைவிலிருந்தே நழுவிவிட்டது. வெற்றிப் பட்டியலை மட்டும் வரலாறாகக் கொண்டால் நேரும் இழப்பு இதுவே.

தெலுங்கில் 1991 ஜூலை 18 அன்று வெளிவந்த 'ஆதித்யா 369' மற்றொரு பாடம் தருகின்றது. எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய கால இயந்திரக் கதையால் தூண்டப்பெற்றுச் சிங்கீதம் சீனிவாசராவ் உருவாக்கியது அது. இசை நம் இளையராஜா. தமிழிலும் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. அதில் வரும் கால இயந்திரம் கிருஷ்ணதேவராயரின் அவைக்குச் செல்கின்றது. பின்னர் எதிர்காலத்திற்கும் செல்கின்றது. திருமலைக் கோயிலில் இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் அதே இராயரைத்தான் திரையிலும் கண்டோம். படம் வெற்றியும் பெற்றது. எனினும் அதன் பெருமை அவ்வாண்டுக் கணக்கில் அடங்குவதன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2025-இல் புதுப்பித்து மீண்டும் திரையிட்டனர். அன்று சிறுவராய்க் கண்டோர் தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் படமாக அது நிலைத்திருக்கின்றது.

2010-இல் வந்த 'எந்திரன்' வசூலும் தரமும் கைகோத்த படம். எழுத்தாளர் சுஜாதாவின் பங்கு அதில் உண்டு. படம் வெளிவருமுன்னரே, 2008-இல், அவர் மறைந்தார். உணர்ச்சி பெற்ற இயந்திரம் என்னவாகும் என்னும் கேள்வியை அப்படம் பாமரர் உள்ளத்திலும் விதைத்தது. அதன் தொடர்ச்சியாக 2018-இல் வந்த '2.0' ஈட்டிய தொகை முன்னதைவிட மிகுதி. அதிலோ, மாண்டவர் ஒருவரின் ஆவி கைப்பேசிகளைத் திரட்டிப் பறவை உருக் கொள்கின்றது. கைப்பேசிக் கோபுர அலைகளே பறவைகளைக் கொல்வதாகப் படம் கூறுவதற்கு விஞ்ஞானத்தில் உறுதியான சான்றும் இல்லை. தொகை உயர்ந்தது; சிந்தனை உயர்ந்ததா? இதற்கிடையே 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை', பெரு நட்சத்திரமும் பெருஞ்செலவும் இன்றியே கால இயந்திரக் கதையைத் தெளிவாகக் கூறி மக்கள் அன்பைப் பெற்றது.

அங்ஙனமாயின் வசூல் எதைத்தான் அளக்கின்றது? நடிகரின் புகழை அளக்கின்றது. திரையரங்குகளின் எண்ணிக்கையை, நுழைவுச் சீட்டின் விலையை, பண்டிகை நாளின் கூட்டத்தை, மொழிமாற்றப் படிகளின் சந்தையை அளக்கின்றது. இவையனைத்தும் மெய்யே, பொருளிட்டவருக்கு இன்றியமையாதவையே. ஆனால் கைத்தராசு கொண்டு காய்ச்சலை அளக்க இயலுமோ? படம் எழுப்பிய கேள்வி எத்தனை ஆண்டு வாழ்ந்தது, எத்தனை இளைஞரைச் சிந்திக்க வைத்தது, பின்வந்த படைப்பாளர்க்கு எந்த வாயிலைத் திறந்தது என்பனவே தரத்தின் அளவுகள். அவற்றை ஒரு வாரத்தில் எண்ணிவிட முடியாது.

இதில் நமக்கும் கடமை உண்டு. வசூலை நோக்கியே அடுத்த படத்திற்குப் பணம் ஒதுக்கப்படுகின்றது. நல்ல சிறு படம் வரும்போது நாம் வீட்டிலிருந்துவிட்டு, அது மறைந்தபின் இரங்குவதால் பயனில்லை. நம் காலனிக் குடும்பங்கள் அத்தகைய படங்களை முதல் வாரத்திலேயே காண்பது நன்று, கண்டபின், "எவ்வளவு வசூல்?" என்னாமல், "இது நடக்கக் கூடியதா? நடந்தால் என்னாகும்?" என்று பிள்ளைகளிடம் கேட்பது அதனினும் நன்று.

1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்றைய கணக்கில் அது நட்டமே. அத்திட்டத்தை நடத்திய அப்துல் கலாமும் அவர்தம் குழுவினரும் அக்கணக்கோடு நின்றுவிடவில்லை. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் வானேறியது. நம் மாவட்டக் கடற்கரையே கற்பிக்கும் இப்பாடத்தைத் திரைக் கலைக்கும் கொள்வோமாக. வீழ்ந்தது எது, விதையாய் விழுந்தது எது என்று பகுத்துணரும் சுவைஞர் பெருகுவாராயின், நல்ல விஞ்ஞானப் படங்கள் நம் மொழியில் தாமே பெருகும்.