பார்க்கின்சன் நோயில் விழியசைவுக் கட்டுப்பாடு

பார்க்கின்சன் நோய் கையையும் காலையும் மந்தமாக்குவது எல்லோரும் அறிந்தது. அதே நோய் கண்ணின் அசைவுகளை எப்படி மாற்றுகிறது என்பது நரம்பியலில் தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. பார்வை மங்குவது வேறு. இங்கே பேசப்படுவது பார்வையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் திறன். படிக்கும்போதும் தெருவைக் கடக்கும்போதும் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. பக்கத்தில் ஏதாவது தோன்றினால் சுமார் 200 மில்லிவினாடிக்குள் விழி அதை நோக்கிப் புறப்பட்டுவிடும். பார்க்கின்சன் நோயாளியிடம் இந்த அனிச்சைத் தாவல் பெரும்பாலும் பாதிப்பிலிருந்து தப்பிவிடுகிறது. கண்ணெதிரே இல்லாத ஓர் இடத்தைத் தானே நினைத்துப் பார்க்கும் தாவல்தான் அடிவாங்குகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள மருத்துவத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரை வைத்து நடுக்குவாதத்தை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் எழுதினார். கண்ணில் குறை காணாததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வெறும் பார்வைக்கு அங்கே எதுவும் தெரியாது. பின்னால் வந்தவர்கள் கவனித்ததும் இமையைத்தான். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை கொட்டும் இமை இந்நோயில் எப்போதாவதுதான் அசைகிறது. அதனால் முகம் வெறித்துப் பார்ப்பதுபோல் ஆகிறது. படிக்கும் கண் தாவுகிறது என்ற செய்தி 1870-களின் இறுதியில் பாரிசில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வகத்திலிருந்து வந்தது. 1901-இல் அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ் அந்தத் தாவலைப் புகைப்படத் தகட்டில் பதிவுசெய்தார். ஆனால் அளந்தவர்களும் நோயாளிகளைப் பார்த்தவர்களும் நெடுங்காலம் சந்தித்துக்கொள்ளவில்லை.

இடையில் ஒரு கொள்ளைநோய் கவனத்தைத் திருப்பியது. வியன்னாவில் வான் எக்கனாமோ 1917-இல் விவரித்த தூக்க மூளையழற்சியிலிருந்து பிழைத்தவர்கள் பலருக்குப் பிற்பாடு பார்க்கின்சன் போன்ற விறைப்பு வந்தது. சிலருக்கு விழிகள் மேல்நோக்கிச் செருகிக்கொண்டு, சில நேரம் மணிக்கணக்கில் இறங்காமல் நிற்கும். 1969-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் லெவோடோபா மருந்து கொடுத்து விறைப்பிலிருந்து எழுப்பியவர்கள் இந்தக் கூட்டத்தில் எஞ்சியிருந்தவர்களே. விழி இப்படிச் செருகுவது கண்ணைப் பறிக்கும் காட்சி; பார்க்கின்சன் நோயின் சன்னமான குறைபாட்டை அது மறைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

திருப்பம் வேதியியலிலிருந்து வந்தது. நோயாளிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றியிருப்பதை எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் 1960-இல் காட்டினார்கள். 1967-இல் கோட்சியாஸ், அந்தக் குறையை ஈடுகட்டும் லெவோடோபாவை வாய்வழியாக, அதிக அளவில் கொடுத்துப் பலன் கண்டார். (அதே பொருளை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937-இல், பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் பணியாற்றிய தாமோதரனும் ராமசாமியும். அப்போது அதை இந்த நோயோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.) இதே காலத்தில் கருவியும் கைக்கு வந்தது. காந்தப்புலத்தில் கண்ணின் நிலையைக் காட்டும் மெல்லிய கம்பிச்சுருளை டேவிட் ராபின்சன் 1963-இல் அறிமுகப்படுத்தினார். 1971-இல் டிஜோங்கும் மெல்வில் ஜோன்சும், உடம்பில் தெரியும் தாமதமும் சுருக்கமும் கண்ணிலும் உண்டு என்று அளந்து எழுதினார்கள்.

ஏன் என்ற கேள்விக்குக் குரங்குகளிடமிருந்து விடை கிடைத்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹிகோசாகாவும் வுர்ட்சும் 1983-இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அச்சாணி. நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் ஒரு பகுதி, விழியைத் தாவவைக்கும் மேற்குன்றை ஓயாமல் அடக்கிவைக்கிறது, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையை இறுகப் பிடித்திருக்கும் தாயைப்போல. தாவ வேண்டிய கணத்தில் அந்தப் பிடி தளர்கிறது, கண் பாய்கிறது. டோபமின் குறைந்தால் பிடி சரியாகத் தளர்வதில்லை, தாவல் குட்டையாகிவிடுகிறது.

இதைச் சோதிக்கும் முறை எளிது. இருட்டறையில் நோயாளி நடுவிளக்கையே பார்த்திருக்க, ஓரத்தில் ஒரு விளக்கு மின்னி மறையும். நடுவிளக்கு அணைந்ததும், மறைந்த விளக்கு இருந்த இடத்தை அவர் நினைவிலிருந்து பார்க்க வேண்டும். பதிவுத்தாளில் தெரிவது ஒரே பாய்ச்சலல்ல, படிக்கட்டு: முதல் தாவல் பாதி வழியில் நிற்கும், இன்னொன்று, பிறகு மற்றொன்று, அப்படித்தான் இலக்கு வரும். விளக்கு அணையாமல் எரிந்தால் பலர் ஏறக்குறையச் சரியாகவே போய்ச் சேர்வார்கள். கிராஃபர்ட், ஹெண்டர்சன், கென்னார்டு ஆகியோர் 1989-இல் இந்தப் பிரிவைத் தெளிவாக நிறுவினார்கள். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் உறைந்த கால் நகர்வதை பர்டன் மார்ட்டின் 1967-இல் எழுதியிருந்ததை இதனோடு சேர்த்துப் படிக்கலாம். வெளியே ஒரு தூண்டுதல் இருந்தால் காலுக்கும் வழி பிறக்கிறது, கண்ணுக்கும் பிறக்கிறது.

ஆனால் தடைப்பிடி இறுகிவிட்டது என்பதோடு கதை முடியவில்லை. ஹாலெட் 1978-இல் வகுத்த எதிர்த்தாவல் சோதனையில், விளக்கு தோன்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதில் நோயாளிகள் தடுமாறி விளக்கையே பார்த்துவிடுவது அதிகம். 2005-இல் சான் குழுவினர், சில அனிச்சைத் தாவல்கள் இயல்பைவிட வேகமாகவே புறப்படுவதைக் காட்டினார்கள். 2007-இல் ஹூட் குழுவினர் கண்டது இன்னும் விசித்திரம்: லெவோடோபா கொடுத்தால் எதிர்த்தாவல் மேம்படுகிறது, விளக்கை நோக்கிய நேர்த்தாவலோ தாமதமாகிறது. மருந்து வேகத்தைக் கூட்டுவதைவிட அவசரத்தை அடக்கும் முன்மூளையின் கட்டுப்பாட்டை மீட்கிறது என்று கொண்டால்தான் இது பொருந்தும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவுகள் முரண்படுவதற்கு, மருந்து வேலைசெய்யும் வேளையில் அளந்தார்களா, தேய்ந்த வேளையிலா என்பதும் ஒரு காரணம்.

விழி நடுக்கத்தைப் பற்றிய சச்சரவும் உண்டு. 2012-இல் கிட்செல் குழுவினர் தாங்கள் சோதித்த நோயாளிகள் அனைவருக்கும் விழியில் இடையறாத நடுக்கம் இருப்பதாக அறிவித்தார்கள். மறு ஆண்டே காஸ்கி குழுவினர், நடுங்குவது தலை, அதை ஈடுகட்டவே கண் அசைகிறது என்று மறுத்தார்கள். இரண்டாவது விளக்கத்துக்கே வலு அதிகம்.

நோயறிய இந்த அளவீடுகள் தனியே போதாது. மருத்துவருக்கு நேரடியாக உதவுவது மேல்கீழ் அசைவுதான். கீழ்நோக்கிய தாவல் வெளிப்படையாகவே மந்தமானால் அது பார்க்கின்சன் அல்லாமல், டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி 1964-இல் விவரித்த வேறொரு நோயாக இருக்கலாம். நோயாளிகள் வந்து சொல்லும் குறைகள் இன்னும் சாதாரணமானவை: கிட்டத்தில் எழுத்து இரண்டாகத் தெரிவது, படிக்கையில் வரி தவறுவது, கண் உலர்ந்து எரிவது. முதலாவது இரு விழிகளும் உள்நோக்கிக் குவியாததால் வருகிறது, பட்டகக் கண்ணாடி உதவும். கடைசிக் குறைக்கு, இமை கொட்டுவது குறைந்ததே காரணம். அதற்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து தரப்படுகிறது.