சுருள்நாடாப் பொறி, எண்முறை ஒலிப்பதிவுக் கூடத்தில்

ரெவொக்ஸ் ஏ77, ஸ்டூடர் ஏ80 போன்ற பழைய சுருள்நாடாப் பொறிகள் கணினிவழி ஒலிப்பதிவுக் கூடங்களில் இரு வேலைகளுக்குப் பயன்படுகின்றன. ஒன்று, புதிய பதிவை நாடாவில் ஏற்றி மீண்டும் கணினிக்கு எடுப்பது. உரத்த ஒலியில் காந்தப்பூச்சு செறிவடைந்து, தாள வாத்தியத்தின் கூர்மை சற்றே தணியும், மேற்சுரங்கள் சேரும்.

மற்றது பழைய பதிவுகளைக் காப்பது. இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைப் பகுதிக்கு இதுவே பெரிது. அருகிலுள்ள அளவெட்டியின் தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் கைவேகம் இன்று ஒலிப்பதிவுகளில்தான் வாழ்கிறது. 1990இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வுக்குத் தப்பிய எந்த நாடாவும் இங்கே அரும்பொருள்.

கடற்கரை ஈரம் நாடாவுக்குப் பகை. 1970களின் பல நாடாக்களில் பிணைபசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஏறத்தாழ 50 பாகை செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓடும். அசற்றேட் நாடாவை அவ்வாறு சூடாக்கவே கூடாது. ஓட்டுமுன் ஒலித்தலையின் சாய்வை அந்தந்த நாடாவுக்கேற்பத் திருத்த வேண்டும். அது பிசகினால் நாதஸ்வரத்தின் மேலொலி மங்கும். மென்பொருளால் அதை முழுதாக மீட்க முடியாது. எண்முறைக்கு மாற்ற 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஏற்றது.