'நீ'யா? 'நீங்க'ளா?

2018, ஜூன் 18. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு நினைவுநாள் விழா. கைகுலுக்கிக்கொண்டே வந்த பிரெஞ்சு அதிபர் மக்ரோனைப் பார்த்து, ஒரு பள்ளிக்கூடப் பையன் செல்லப் பெயரில், ''என்ன மனூ, சௌக்கியமா?'' என்றான். அதிபர் முகம் மாறிவிட்டது. 'அதிபர் அவர்களே' என்று கூப்பிடு, இல்லாவிட்டால் 'முசியே' என்று கூப்பிடு எனக் கண்டித்தார். கேமராக்கள் பதிவு செய்ய, உலகமே பார்த்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இதே 'முசியே'வை ஒழித்துக்கட்ட ஒரு காலத்தில் பிரான்ஸ் படாதபாடு பட்டது!

நம்ம 'நீ', 'நீங்க' மாதிரி பிரெஞ்சில் 'த்யூ', 'வூ'. அந்தக் கால எஜமானர் வேலைக்காரனை 'த்யூ' என்பார். பதிலுக்கு அவன் 'வூ' என்றுதான் சொல்லியாக வேண்டும். 'முசியே'வுக்கு மூல அர்த்தமே 'என் பிரபு'.

1789-ல் புரட்சி. 1792-ல் மன்னராட்சி காலி. பிரபுவே இல்லாத நாட்டில் 'என் பிரபு' எதற்கு? இனி எல்லோரும் 'குடிமகன்', 'குடிமகள்' என்றார்கள். 1793 அக்டோபர் 16-ல் ராணி மரி அந்த்வானெத்தின் தலை உருண்டது. சரியாகப் பதினைந்தாம் நாள், தேசிய சபைக்கு ஒரு கோரிக்கை வந்தது: எல்லோரும் எல்லோரையும் 'த்யூ' என்றே பேச வேண்டும். 'வூ' ஒழிந்தால் கர்வம் ஒழியும், சமத்துவம் வளரும்!

சபை சட்டம் போடவில்லை. ஆனாலும் அரசாங்கக் கடிதங்களில் 'த்யூ' நுழைந்தது. கில்லட்டின் ஓயாமல் இயங்கிய நாட்கள் அவை. வாய்தவறி 'முசியே' என்றாலே சந்தேகமாகப் பார்த்தார்கள்.

1794 ஜூலையில் ரோபஸ்பியரின் தலையும் போனது. பயம் விலகியது. 'வூ'வும் 'முசியே'வும் மெல்லத் திரும்பி வந்தன. 1804-ல் நெப்போலியன் சக்கரவர்த்தியானதும் அரண்மனைச் சம்பிரதாயங்களும் வந்துசேர்ந்தன.

அப்போ, புரட்சி தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்றைக்கு பாரிஸ் ஹோட்டலில் சர்வரைக்கூட 'முசியே', 'வூ' என்றுதான் பேச வேண்டும். 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால் முறைப்பார். புரட்சிக்காரர்கள் எல்லோரையும் 'நீ'க்கு இறக்கிச் சமமாக்கப் பார்த்தார்கள். ஜனங்களோ எல்லோரையும் 'நீங்க'ளுக்கு ஏற்றிச் சமமாக்கிக்கொண்டார்கள்!

ஒரே ஒரு சின்ன பாக்கி. மரியாதை பற்றிப் பாடம் எடுத்த மக்ரோன், அந்தப் பையனிடம் பேசியது 'த்யூ'வில்தான். சின்னப் பையன்தானே என்பீர்கள். நியாயம்தான்.

எஜமானர்களும் அப்படி ஏதாவது ஒரு நியாயம் வைத்திருந்திருப்பார்கள், இல்லையா?