அஞ்சல்வழிக் கல்வியில் கற்போர் ஆதரவு: வரலாறு

வீட்டிலிருந்தே படிக்கும் அஞ்சல்வழிக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் பாடங்களை அனுப்பியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பாடத்தை அச்சிட்டு அனுப்புவது எளிது. மாணவர் எழுதிய விடைத்தாளைப் படித்து, பிழை திருத்தி, அவர் ஊக்கம் இழக்கும் முன் திருப்பி அனுப்புவதுதான் கடினம். செலவும் அதற்கே அதிகம். இக்கல்விமுறை செழித்ததும் சீர்கெட்டதும் பெரிதும் இந்த இரண்டாவது வேலையைப் பொறுத்தே அமைந்தது.

1728இல் கேலப் பிலிப்ஸ் என்பவர், வாரந்தோறும் பாடம் அனுப்பிச் சுருக்கெழுத்து கற்பிப்பதாகப் பாஸ்டன் இதழ் ஒன்றில் விளம்பரம் செய்தார். விடைகள் திருத்தப்படும் என்று அவ்விளம்பரம் சொல்லவில்லை. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் கட்டணம் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறியது. ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து மாணவர்களை விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பச் செய்து, அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். மாணவர் தொகை பெருகியபின் திருத்தும் பணிக்கென்றே தன்னார்வலர் சங்கம் ஒன்று உருவானது.

கற்போர் ஆதரவைக் கல்வியின் மையமாகவே வைத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த அன்னா எலியட் டிக்னர். பெண்களுக்கு உயர்கல்வியின் வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலத்தில், 1873இல், வீட்டில் படிக்கும் பெண்களுக்காக ஒரு சங்கத்தை நிறுவினார். அங்கு ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கடித ஆசிரியை இருந்தார். மாணவி மாதந்தோறும் தான் படித்ததை எழுதுவாள். ஆசிரியை கருத்துரையும் அடுத்த வாசிப்புக்கான வழியும் எழுதி அனுப்புவார். நூல் வாங்க இயலாதவர்களுக்குச் சங்கத்தின் நூலகம் அஞ்சலில் நூல்களை இரவல் தந்தது. ஆசிரியைகளில் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைத்த பெண்கள். 24 ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட பெண்கள் இங்கு படித்தனர். பட்டம் எதுவும் வழங்கப்படவில்லை. டிக்னர் 1896இல் மறைந்தார்; அடுத்த ஆண்டே சங்கமும் முடிவுற்றது. தனிமனித ஈடுபாட்டை மட்டும் நம்பிய அமைப்பின் பலவீனம் இது.

இதற்கு நேர்மாறானது இலண்டன் பல்கலைக்கழகத்தின் வழி. 1858 முதல் அது வெளிமாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் அளித்தது. கற்பிக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. அந்த இடைவெளியைத் தனியார் அஞ்சல் கல்லூரிகள் நிரப்பின. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அத்தகைய கல்லூரி ஒன்றின் ஆசிரியராக இருந்தவரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இது பெருவணிகமானது. முகவர்கள் வீடு தேடி வந்து மாணவர்களைச் சேர்த்தனர். பல நிறுவனங்கள் கட்டணத்தை முன்கூட்டியே பெற்றதால், பாதியில் நின்ற மாணவரால் அவற்றுக்கு இழப்பில்லை. மாறாக, அவருடைய தாள்களைத் திருத்தும் செலவு மிஞ்சியது! கார்னகி நிதியுதவியுடன் ஜான் நாஃப்சிங்கர் நடத்திய ஆய்வு 1926இல் வெளியானது. சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தோர் மிகச் சிலரே என்பதை அது வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் தரத்தைக் கண்காணிக்கத் தேசிய வீட்டுக்கல்வி மன்றம் தோன்றியது.

பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறத்தாழ 25,000 மாணவர்களுடன் தொடங்கியது. அதே மாதம் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தமும் தொடங்கி ஏழு வாரம் நீடித்தது. இப்பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சிப் பாடங்கள்தாம் புகழ்பெற்றன. ஆயினும் மாணவரை விட்டுவிடாமல் பிடித்து வைத்தவர்கள் உள்ளூர்ப் பகுதிநேர ஆசிரியர்களே. அவர்கள் ஒப்படைப்புகளுக்கு மதிப்பெண்ணுடன் விளக்கமும் எழுதினர், அத்திருத்தமும் கண்காணிக்கப்பட்டது.

இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அவ்வழியில் இறங்கியது. வேலைக்குச் செல்வோரும் திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்களும் இதனால் பட்டதாரிகளாயினர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (1985), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (2002) ஆகியவை கற்போர் மையங்களையும் ஆலோசனை வகுப்புகளையும் அமைத்தன. ஆனால் ஒப்படைப்புக்கான ஆயத்த விடைகள் கடைகளில் விற்கப்படும் நிலையில், திருத்துவது பல இடங்களில் மதிப்பெண் இடும் சடங்காகிவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் படிப்புகளையும் பட்டியலிடுகிறது. ஆலோசகர் யார், திருத்திய தாள் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவற்றைச் சேருமுன் மாணவரே மையத்திலும், அங்கு ஏற்கெனவே படிப்பவர்களிடமும் கேட்டறிய வேண்டியுள்ளது.