மயிலையை விட்டுப் போன நேமிநாதர்: ஒரு வார இறுதிப் பயணமும் சில வரலாற்றுக் குறிப்புகளும்

சென்ற ஆண்டு என் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, நாம சேட்டா? ஜெயின்னா மார்வாடின்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஏன் வீட்டில தமிழ் பேசறோம்?" எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. லிங்கராஜபுரத்தில் கடை வைத்த இந்த முப்பது வருஷத்தில், கன்னடக்காரரும் கேட்டிருக்கிறார், நம் தமிழ்க்காரரும் கேட்டிருக்கிறார். "நயினார்னு பேர் வெச்சிருக்கீங்க, முஸ்லிமா?" என்று கேட்டவர்களும் உண்டு. சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் சொந்தப் பேரனே கேட்டபோது சிரிக்க முடியவில்லை.

அவனுக்குச் சொல்லும் பதிலைக் கையோடு ஓர் ஊரைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் குடும்பம் வந்தவாசிப் பக்கம். சிறு வயதில் சித்தாமூர்த் தேருக்கு மாட்டு வண்டியில் போனவன் நான். அங்கே பார்சுவநாதர் கோயிலில் நேமிநாதர் திருமேனியைக் காட்டி, "இவர் இந்த ஊர்க்காரர் இல்லைடா. மயிலாப்பூர்ச் சாமி. கடல் வருதுன்னு இங்க வந்துட்டார்" என்று என் பாட்டி சொல்லுவார். அந்த மயிலாப்பூரை நான் சரக்குக் கொள்முதலுக்குப் போகும்போது எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். அதற்கென்று ஒருமுறை கூடப் போனதில்லை. ஆகவே ஒரு சனி, ஞாயிறு கடையைப் பையனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டேன். "இந்த வயசுல தனியா எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். கூட யாராவது வந்தால் கபாலி கோயில், கடற்கரை, துணிக்கடை என்று பொழுது போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரயில் பாதையில் ஒரு சமண வழி

கண்டோன்மெண்ட் நிலையத்தில் காலை லால்பாக் எக்ஸ்பிரஸ் ஏறினேன். நம்மில் பலருடைய முன்னோர் பெங்களூருக்கு வந்ததே இந்தப் பாதையில்தான். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ரயில் ஓடத் தொடங்கியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட் வரை 1864-இல் பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1809-ஐ ஒட்டி இங்கே படை முகாம் அமைந்தபோது, வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வண்டியிலும் கால்நடையாகவும் வந்துவிட்டார்கள்.

ஆனால் அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரு நாட்டுக்கும் இடையே சமணர் போய்வந்திருக்கிறார்கள். பத்திரபாகு முனிவர் வடக்கே பஞ்சம் வருமென்று அறிந்து, சீடர்களோடு சிரவணபெளகொளா வந்தார் என்பதும், அங்கிருந்து விசாகாசாரியார் தலைமையில் முனிவர் கூட்டமொன்று தமிழ்நாட்டுக்கு வந்தது என்பதும் எங்கள் மரபுச் செய்தி. ஆராய்ச்சியாளர் எல்லோரும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் கல்லில் உள்ள சான்றை மறுக்க முடியாது. பெளகொளாவில் கோமடேசுவரர் திருவடிக்கருகே, சாமுண்டராயர் இதைச் செய்வித்தார் என்ற செய்தி கன்னடத்தில் மட்டுமல்லாமல் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கர்நாடகத்து மலையொன்றில் தமிழ் வாசிக்கும் யாத்திரிகர் வருவார்கள் என்று எதிர்பார்த்துத்தானே அதைப் பொறித்திருப்பார்கள்? பெங்களூர்த் தமிழர்களாகிய நாம் இதை ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அதுபோலவே எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. காட்பாடி வந்ததும் வடக்கே வள்ளிமலை நினைவு வந்தது. இன்று முருகன் தலமாகப் புகழ்பெற்ற அந்த மலையில் சமணத் திருவுருவங்களும் குகையும் உள்ளன. அங்கே பள்ளி அமைத்தவன் கங்க மன்னன் இராசமல்லன் என்பதைக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ்நாட்டு மலையில் கன்னடம், கன்னடநாட்டு மலையில் தமிழ். இன்று மொழியின் பேரால் நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

அரக்கோணம் தாண்டும்போது தெற்கே காஞ்சிபுரம். அதன் ஒரு பகுதிக்கு ஜினகாஞ்சி என்று பெயர், இன்றைய திருப்பருத்திக்குன்றம். விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் அங்கே 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சங்கீத மண்டபம் கட்டினார். அவரே ஹம்பியில் குந்துநாதருக்கும் கோயில் எடுத்தவர். காஞ்சியிலிருந்த எங்கள் மடம் பிற்காலத்தில் சித்தாமூருக்குப் போயிற்று. இன்றும் அதற்கு ஜினகாஞ்சி மடம் என்றே பெயர். ஊர் மாறினாலும் பழைய ஊரின் பெயரை விடவில்லை. பெங்களூரில் குடியேறிய பிறகும் வீட்டுப் பலகையில் சொந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்கிறோமே, அதைப் போலத்தான்.

மயிலையில் நேமிநாதர்

நேமிநாதர் இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர். அவர் முத்தி அடைந்தது குசராத்திலுள்ள கிர்நார் மலையில். அவருடைய இலாஞ்சனம் சங்கு. போளூருக்கு அருகே திருமலையில் பாறையில் செதுக்கிய 16 அடி உயர நேமிநாதரைப் பார்த்தவர்களுக்கு, இப்பெருமானிடம் தமிழ்ச் சமணர் வைத்திருந்த ஈடுபாடு விளங்கும்.

மயிலையில் அவருக்குக் கோயில் இருந்தது என்பதற்கு மூன்று வகைச் சான்றுகள் உண்டு.

முதலாவது, இலக்கணம். குணவீர பண்டிதர் என்ற சமணப் புலவர் எழுத்தையும் சொல்லையும் சுருக்கி வெண்பாவில் ஓர் இலக்கண நூல் செய்தார். அதற்கு மயிலை நேமிநாதர் பெயரையே வைத்து 'நேமிநாதம்' என்றார். 'சின்னூல்' என்றும் அதற்குப் பெயர். அவர் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பர். தம் ஆசிரியர் வச்சணந்தி முனிவர் பெயரால் 'வச்சணந்தி மாலை' என்ற பாட்டியல் நூலையும் அவரே செய்தார். ஒரு நூலுக்குச் சாமி பெயர், ஒரு நூலுக்கு வாத்தியார் பெயர். தம் பெயரை இரண்டிலும் வைக்கவில்லை.

இரண்டாவது, தோத்திரம். அவிரோதியாழ்வார் பாடிய 'திருநூற்றந்தாதி' மயிலை நேமிநாதர் மேல் பாடப்பட்டது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள்.

மூன்றாவது, கல். சாந்தோம் பகுதியில் கிடைத்த உடைந்த கல்வெட்டுத் துண்டொன்று நேமிநாத சுவாமிக்குக் கொடுத்த தானத்தைக் குறிக்கிறது. இதையும் மயிலைக் கோயில் பற்றிய பிற செய்திகளையும் ஒன்று திரட்டிக் கொடுத்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி (1900-1980). அவர் மயிலாப்பூரிலேயே பிறந்தவர். சமணர் அல்லர். இருந்தும் 'சமணமும் தமிழும்' எழுதினார். பள்ளிப் படிப்புக்கு மேல் போகாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் கல்லூரி.

சாமி ஏன் போனார்?

செவிவழிச் செய்தி இதுதான்: மூன்று நாளில் கடல் பெருகி ஊரை மூழ்கடிக்கும் என்று ஒருவர் கனவு கண்டார். உடனே திருமேனியை ஊருக்கு உள்ளே கொண்டு போனார்கள். சொன்னபடி கடல் கோயிலைக் கொண்டது. பிறகு மயிலையே பாதுகாப்பில்லை என்று தோன்ற, சித்தாமூருக்குக் கொண்டு சென்றார்கள். கர்னல் மெக்கன்சி (இறப்பு 1821) திரட்டிய சுவடிகளிலும் இந்தச் செய்தி இருப்பதாக அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இது கட்டுக்கதை என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். கபாலீசுவரர் கோயிலே பழங்காலத்தில் கடலோரத்தில் இருந்தது, இப்போதுள்ளது பிற்காலத்தில் உள்ளே தள்ளிக் கட்டியது என்றுதானே சொல்கிறோம்? அதை எல்லோரும் நம்பும்போது இதை மட்டும் ஏன் நம்பக்கூடாது? ஆனால் இன்னொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறித் தேவாலயமும் கோட்டையும் கட்டினார்கள். கடற்கரையோரக் கோயில்கள் மறைந்ததற்கு அதுவும் காரணம் என்பர். குணவீரர் காலத்தில் கோயில் இருந்தது உறுதி. அதற்குப் பின் எந்த நூற்றாண்டில் போனது என்று சொல்லும் கல்வெட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கடலும் காரணமாக இருக்கலாம், அரசியலும் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒருவருடைய ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ஒரே காரணத்தைச் சொல்ல முடிகிறதா? மழை இல்லை என்போம். பங்காளித் தகராறும் அதில் இருக்கும்.

நேரில் கண்டது

சனிக்கிழமை மத்தியானம் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எதிரே பறக்கும் ரயில் பிடித்து முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தில் இறங்கினேன். பக்கத்தில்தான் திருவள்ளுவர் கோயில். வள்ளுவர் மயிலையில் பிறந்தார் என்பது ஊர் மரபு. குறளைச் செய்தவர் எங்கள் குந்தகுந்தாசாரியார், செய்த இடம் பொன்னூர் மலை என்பது சமண மரபு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இதை விரிவாக எழுதினார். வழக்காட நான் போகவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். நம் அல்சூர் ஏரிக்கரைச் சிலையும் நினைவுக்கு வந்தது. 1991-இல் வைத்து, 18 ஆண்டுகள் துணி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்த சிலை அது. வள்ளுவரும் குடியேறின ஊரில் காத்திருந்துதான் இடம் பெற்றார்.

பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் விரதம். ஒரு சிறு ஓட்டலில் ஐந்தரை மணிக்கே, வெங்காயம், உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சொல்லி இட்லி கேட்டேன். கல்லாவில் இருந்தவர், "சேட்டு, தமிழ் நல்லா பேசறீங்களே, எத்தனை வருஷமா இங்க?" என்றார். "எங்க சாமி இங்க இருந்தது உங்க கபாலி கோயில் கடலோரத்தில இருந்த காலத்தில" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நிஜமாவா? சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அரைமணி நேரம் பேசினோம். காசு வாங்க மாட்டேன் என்றார், கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிறு விடியற்காலையில் சாந்தோம் போனேன். இன்றுள்ள தேவாலயம் 1896-இல் கட்டி முடித்தது. வெள்ளைக் கோபுரம், பூசைக்கு வந்த கூட்டம். நேமிநாதர் கோயில் இருந்த இடம் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. பின்புறம் கடற்கரைக்குப் போனேன். வலை சரிசெய்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கடல் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் 2004 டிசம்பர் 26-ஐச் சொன்னார். "மூணு நாள் முன்னாடி யாராவது கனவு கண்டு சொல்லியிருந்தா எவ்ளோ பேரு பொழைச்சிருப்பாங்க, ஐயா" என்றார். நான் அவரிடம் எந்தக் கனவையும் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. என் பாட்டி சொன்ன கதையை அதுவரை ஒரு சான்றாகத்தான் வைத்திருந்தேன். அந்தக் கதையைச் சொல்லி வைத்தவர்கள் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவர்களாக இருந்திருக்கலாம் என்பது அந்த மணலில் நின்றபோதுதான் தோன்றியது.

கையிலிருந்த சிறு புத்தகத்தைப் பிரித்து, கடலைப் பார்த்து உட்கார்ந்து திருநூற்றந்தாதியில் தெரிந்த மட்டும் சொன்னேன். அந்தப் பாடல்களை அந்த ஊரில் யாராவது வாய்விட்டுச் சொல்லி எத்தனை நூறு வருஷம் ஆனதோ!

முடிவாக

மாலை லால்பாக் எக்ஸ்பிரசில் திரும்பி, இரவு வீடு சேர்ந்தேன். பேரன் தூங்காமல் இருந்தான். "கோயில் பாத்தீங்களா தாத்தா?" என்றான். "கோயில் இல்லைடா. ஆனா அந்தக் கோயில் பேர்ல எழுதின தமிழ் இலக்கணப் புத்தகம் இன்னும் இருக்கு. நாம சேட்டு இல்லை, அந்தப் புத்தகத்தை எழுதினவங்க கூட்டம்" என்றேன். "அதை எனக்குப் படிக்கத் தெரியாதே" என்றான். அவன் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். அவன் மேல் தப்பில்லை. கடை, கணக்கு என்று இருந்த எங்கள் மேல்தான் தப்பு. இப்போது ஞாயிறு காலை ஒரு மணி நேரம் 'அ'னாவிலிருந்து தொடங்கியிருக்கிறோம். நேமிநாதம் வரை வருவானோ, மாட்டானோ, தெரியாது.

இந்த மலரைப் படிக்கும் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலைக் கோயில் போய்விட்டது. ஆயினும் ஒரு பாட்டி சொன்னதாலும், ஒரு புலவர் தம் நூலுக்குப் பெயர் வைத்ததாலும், பிற சமயத்தவர் ஒருவர் எழுதி வைத்ததாலும் அதன் செய்தி பிழைத்தது. உங்கள் குடும்பம் எந்த ஊர், எந்த வருஷம், எதற்காகப் புறப்பட்டது, குலதெய்வம் எது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், தமிழில். முடிந்தால் ஒரு வார இறுதியில் தனியாக அந்த ஊருக்கு ஒருமுறை போய் வாருங்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வாழ்க தமிழ்! வளர்க அறம்!