கடல் நெடுஞ்சாலைகள்

ஐரோப்பாவின் சாலைகளை நெருக்கும் சரக்கு லாரிகளில் ஒரு பகுதியை, குறித்த நாளில் குறித்த நேரத்தில் துறைமுகங்களுக்கிடையே தவறாது ஓடும் கப்பல்களில் ஏற்றிக் கடல் மார்க்கமாக அனுப்பும் பொருட்டு, ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த போக்குவரத்துத் திட்டத்திற்குக் கடல் நெடுஞ்சாலைகள் என்பது பெயர். கடலை வெட்டிச் சமன் செய்யவோ, தார் ஊற்றிப் பராமரிக்கவோ வேண்டுவதில்லையாயினும், அதனைச் சாலைக்கு நிகரான மார்க்கமாக்குவது எத்துணை அரிய காரியம் என்பதை இத்திட்டத்தின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது.

தோற்றம்

1993 ஜனவரி முதல் நாளன்று ஐரோப்பியத் தனிச்சந்தை நடைமுறைக்கு வந்து, உறுப்பு நாடுகளின் எல்லைகளில் சரக்குகளைச் சோதித்த சுங்கச்சாவடிகள் அகற்றப்பட்டபின், ஒரு தேசத்தில் ஏற்றிய சரக்கை மற்றொரு தேசத்தின் வாசல்வரை இடைநில்லாது கொண்டுசேர்க்கும் லாரி, வணிகர்களின் முதன்மையான வாகனமாயிற்று. 1998ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒன்றியத்தின் சரக்குப் போக்குவரத்தில் 44 சதவீதம் சாலையிலும், 41 சதவீதம் குறுந்தூரக் கடல்வழியிலும், 8 சதவீதம் ரயிலிலும், 4 சதவீதம் உள்நாட்டு நீர்வழிகளிலும் நடைபெற்றது. கடலின் பங்கு இவ்வளவு பெரிதாயிருந்தும், அதில் சென்றவற்றுள் எண்ணெய், நிலக்கரி, தாதுப்பொருள் ஆகியவையே மிகுதி. தொழிற்சாலைப் பொருள்களும் உணவுப் பண்டங்களும் லாரிகளையே நாடின.

ஆல்ப்ஸ், பிரனீஸ் ஆகிய இரு மலைத்தொடர்களும் தெற்கு நாடுகளின் லாரிகளைச் சில கணவாய்களுக்கும் சுரங்கங்களுக்கும் உள்ளேயே புகுத்தி அனுப்பியமையால், நெரிசலின் கொடுமை அங்கே உச்சநிலையை அடைந்தது. 1999 மார்ச் 24 அன்று, மாவும் மார்ஜரினும் ஏற்றிச் சென்ற ஒரு லாரி மோன் பிளாங்க் சுரங்கத்தின் நடுவே தீப்பற்ற, அத்தீ பின்வந்த வாகனங்களுக்கும் பரவி 39 உயிர்களைக் குடித்தது. 11 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அச்சுரங்கம் மூன்றாண்டுகள் மூடிக்கிடந்தது. அன்றாடம் அடுப்படிக்குச் செல்லும் சாதாரணப் பண்டமே இத்தகைய பேரழிவுக்கு விறகாயிற்று என்பதை எண்ணுங்கால், ஒரே துவாரத்தின் வழியே ஒரு கண்டத்தின் வர்த்தகத்தைச் செலுத்துவதில் உள்ள அபாயம் விளங்கும். 2001 செப்டம்பரில் வெளியான ஐரோப்பிய ஆணையத்தின் வெள்ளை அறிக்கை, 2010ஆம் ஆண்டுக்குள் போக்குவரத்துப் பங்கீட்டை 1998ஆம் ஆண்டு நிலைக்கு மீட்பதை லட்சியமாகக் கொண்டு, கடல் நெடுஞ்சாலைகள் என்னும் கருத்தை முன்வைத்தது.

அமைப்பு

2004இல் வரையறுக்கப்பட்ட 30 முதன்மைப் போக்குவரத்துத் திட்டங்களுள் இது 21ஆவது இடம் பெற்றது. பால்டிக் கடல், அட்லாண்டிக்கை ஒட்டிய மேற்கு ஐரோப்பா, அட்ரியாட்டிக் முதல் சைப்பிரஸ் வரையிலான தென்கிழக்கு, ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி, மால்ட்டா ஆகியவற்றை இணைக்கும் தென்மேற்கு என நான்கு மார்க்கங்கள் வகுக்கப்பெற்றன.

இவற்றின் உயிர்நாடி ரோ-ரோ எனப்படும் கப்பலாகும். கரையணைந்ததும் அதன் பெருவாயில் திறந்து சாய்தளமாக இறங்க, துறைமுகத்தின் இழுவை வண்டி டிரெய்லர்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் நிறுத்த, ஊழியர்கள் அவற்றைத் தளத்து வளையங்களில் சங்கிலியால் இறுக்கிப் பிணைப்பர். கிரேனும் வேண்டா, சரக்கை இறக்கி ஏற்றும் சிரமமும் இல்லை. பல சமயங்களில் ஓட்டுநர் தம் வண்டியின் முன்பகுதியுடன் கரையிலேயே தங்கிவிட, அக்கரையில் மற்றொருவர் அந்த டிரெய்லரை ஏற்றுக்கொள்வார். ஓட்டுநர் உடன் செல்லின், கப்பலில் உறங்கும் நேரம் சட்டம் விதித்த ஓய்வாகவும் அமையும். பார்சிலோனாவிலிருந்து ரோமாபுரிக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியாவிற்கு ஏறத்தாழ 20 மணி நேரத்தில் செல்லும் கப்பல், தெற்குப் பிரான்சைச் சுற்றிவரும் நெடிய சாலைப் பிரயாணத்தை லாரிக்கு இல்லாமற் செய்கிறது.

மானியங்கள்

புதிய கப்பல்வழி தொடங்குவோர் முதலாண்டுகளில் அடையும் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும் பொருட்டு, வெனிஸ் யாத்திரிகரின் பெயர் தாங்கிய மார்க்கோ போலோ திட்டம் 2003இல் தோன்றியது. சாலையிலிருந்து விலக்கப்பட்ட ஒவ்வொரு 500 டன்-கிலோமீட்டருக்கும் ஒரு யூரோ என்பது தொடக்ககால விகிதம். அதாவது, 20 டன் ஏற்றிய லாரியொன்று 25 கிலோமீட்டர் சாலையில் ஓடாதிருந்தால் ஒரு யூரோ கிடைக்கும். 2007 முதல் 2013 வரை நடைபெற்ற இரண்டாம் கட்டத்திற்கு 40 கோடி யூரோவுக்குக் குறையாத நிதி ஒதுக்கப்பட்டது. இத்தாலியோ, கடல்வழியைத் தேர்ந்தெடுக்கும் லாரி உரிமையாளர்களுக்கே கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பியளிக்கும் எகோபோனஸ் என்னும் முறையை 2002இல் சட்டமாக்கி, பின்னாளில் கப்பல் நிறுவனங்களுக்கு உதவும் மரேபோனஸ் முறைக்கு மாறியது.

பலன்கள் எதிர்பார்த்த அளவில் அமையவில்லை. ஸ்பெயின், பிரான்சு அரசுகளின் உதவியுடன் 2010 செப்டம்பரில் நாந்த் அருகிலிருந்து கிகோனுக்குத் தொடங்கிய கப்பல்வழி, உதவி தீர்ந்த 2014இல் நின்றுபோயிற்று. மார்க்கோ போலோ திட்டத்தை ஆராய்ந்த ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2013இல், தகுதியான விண்ணப்பங்கள் போதிய அளவு வரவில்லையென்றும், உதவி பெற்றோருள் பலர் உதவியில்லாமலே அவ்வழிகளைத் தொடங்கியிருப்பர் என்றும் கூறி, திட்டத்தை அந்த வடிவில் தொடரலாகாதென்று பரிந்துரைத்தது.

தடைகள்

இத்தோல்விக்குக் காரணம் கப்பலிலோ கடலிலோ இல்லை. துறைமுக வாசலிலும் சட்டப் புத்தகத்திலும் இருந்தது. நேப்பிள்ஸிலிருந்து பார்சிலோனாவிற்குச் சாலைவழியே செல்லும் லாரியை எவரும் நிறுத்திக் கேளார். அதே சரக்கு கப்பலேறிக் கரையை விட்டகன்றதும், ஒன்றியத்தின் எல்லையைக் கடந்ததாகவே சட்டம் கருதியமையால், விசேஷ அனுமதி பெற்ற கப்பல்வழிகளல்லாத பிறவற்றில், அது ஒன்றியத்துச் சரக்கே என்பதற்கு அக்கரையில் ஆவணம் காட்டவேண்டியிருந்தது. 2015 முதல் பால்டிக், வடகடல், ஆங்கிலக் கால்வாய்ப் பகுதிகளில் கப்பல் எரிபொருளின் கந்தகம் 0.10 சதவீதத்திற்கு மேற்படலாகாதென்ற விதி, காற்றின் தூய்மைக்கு நன்மை செய்தபோதிலும், கப்பற் செலவை உயர்த்தியது. 2024 முதல் பெரிய கப்பல்கள் தாம் வெளியிடும் கரியமிலவாயுவிற்கும் விலை கொடுக்கலாயின. சாலை எரிபொருளுக்கான அத்தகைய விலையேற்பாடோ பின்தங்கியது. ஒரு கையால் மானியம் வழங்கி, மறு கையால் சுமையேற்றுவது, எந்தக் கொள்கையையும் வலுவிழக்கச் செய்யும்.

அயர்லாந்தின் அனுபவம்

கடல்வழியின் ஆற்றலை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது, எவரும் அதன்பொருட்டுத் திட்டமிடாத ஒரு நிகழ்ச்சியேயாகும். அயர்லாந்தின் லாரிகள் டப்ளினிலிருந்து ஹோலிஹெட்டிற்குக் கடல் கடந்து, பிரிட்டனின் சாலைகளில் டோவர் வரை ஓடி, மீண்டும் கடல் கடந்து பிரான்சை அடைவதே நெடுநாளைய வழக்கம். பிரிட்டன் தனிச்சந்தையிலிருந்து விலகி, அவ்வழியில் ஆவணங்களும் தாமதமும் பெருகியதும், 2021 ஜனவரி 2 அன்று ராஸ்லேரிலிருந்து டன்கர்க்கிற்கு நேர்வழிக் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ ஒரு நாள் பிரயாணமாயினும், இடையில் எந்தச் சுங்கச்சாவடியும் குறுக்கிடாமையால் லாரிகள் தாமாகவே அதனை நாடின.

2024ஆம் ஆண்டின் சட்டம் இத்திட்டத்திற்கு ஐரோப்பியக் கடல்வெளி என்ற புதுப்பெயர் சூட்டியுள்ளது. மானியம் ஒரு கப்பலைச் சில ஆண்டுகள் ஓட்டிவைக்கும். ஆனால், வணிகர் எதனைத் தேர்வர் என்பதைத் தீர்மானிப்பது, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை செல்லும் முழுப் பிரயாணத்தில் எந்த வழியில் காத்திருப்பு குறைவு என்பதேயாகும். சாலையில் சுங்கச்சாவடியை அகற்றிய அதே மனத்துணிவோடு துறைமுகத்திலும் தடைகளை அகற்றும் அரசுகளுக்கே, கடல் நெடுஞ்சாலை மெய்யாகவே நெடுஞ்சாலையாகும்.