42.34 மீட்டரில் ஒரு தலைமறைவு வானொலி: உஷா மேத்தா

இந்திய வானொலியின் முன்னோடிப் பெண்களில் ஒருவரான உஷா மேத்தா, 1942ஆம் ஆண்டு பம்பாயில் மறைவாக இயங்கிய 'காங்கிரஸ் ரேடியோ'வின் குரலாகவே பொதுவாக நினைவுகூரப்படுகிறார். ஆனால், ஒரு நிலையத்தை அமைக்கத் திட்டமிட்டு, ஆட்களையும் கருவியையும் சேர்த்து, செய்தியைத் திரட்டி, காவல்துறையின் தேடுதலுக்கு இடையே அதை ஏறத்தாழ 11 வாரங்கள் நடத்தியதில் அவருக்கு இருந்த பங்கைக் காணும்போது, அறிவிப்பாளர் என்ற சொல் அவருக்குப் போதாது. தயாரிப்பாளர் என்பதே பொருந்தும்.

1920 மார்ச் 25 அன்று குஜராத்தில் சூரத்தை அடுத்த சரஸ் என்னும் சிற்றூரில் பிறந்த உஷா, எட்டு வயதிலேயே சைமன் குழுவை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தவர். தந்தை ஆங்கிலேய அரசின்கீழ் நீதிபதியாக இருந்ததால் அரசியலில் ஈடுபட வீட்டில் தடை இருந்தது. அவர் ஓய்வு பெற்று, குடும்பம் 1932இல் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பிறகே அந்தத் தடை தளர்ந்தது. வில்சன் கல்லூரியில் தத்துவம் பயின்று 1939இல் பட்டம் பெற்ற அவர், மேற்படிப்பில் இருந்தபோது 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் பிறந்தது.

அன்றைய வானொலியின் நிலையை இங்கே அறிந்துகொள்வது அவசியம். 1936இல் அகில இந்திய வானொலி என்று பெயர் பெற்ற அமைப்பு, 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் நிலையங்களைத் திறந்திருந்தபோதும், அது முழுவதும் அரசின் கைக்குள் இருந்தது. உலகப் போர் தொடங்கியதும் தனியார் பொழுதுபோக்காக வானொலி அனுப்பும் உரிமங்கள் ரத்து செய்யப்பட்டு, கருவிகளை அரசிடம் ஒப்படைக்க ஆணையிடப்பட்டது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயின் கோவாலியா டேங்க் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறி, மறுநாள் விடிவதற்குள் காந்தியும் ஏனைய தலைவர்களும் கைதானபோது, தணிக்கைக்கு உட்பட்ட நாளிதழ்கள் சொல்லாமல் விட்டவற்றை மக்களுக்குச் சொல்ல வேறு வழியே இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் உஷாவும் அவருடைய தோழர்களான பாபுபாய் காக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோரும். கருவியை அமைத்துத் தந்தவர் தொழில்நுட்பம் அறிந்த நரிமன் பிரின்டர். இயக்கத் தலைவர்களான ராம் மனோகர் லோகியாவும் அச்சுத் பட்வர்த்தனும் தலைமறைவில் இருந்தபடியே வழிகாட்டினர். 1942 ஆகஸ்ட் 27 அன்று, சௌபாத்தி கடற்கரையை அடுத்த ஒரு கட்டடத்திலிருந்து, 'இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து' என்று இடத்தை மறைத்து, 42.34 மீட்டர் அலைநீளத்தில் உஷா முதல் அறிவிப்பைச் செய்தார்.

அலைநீளம் என்பது ஒரு வானொலி அலையின் ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடைப்பட்ட தூரம். 42 மீட்டர் அளவிலான அலைகள் சிற்றலை என்ற வகையைச் சேர்ந்தவை. இவை வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்புவதால், குறைந்த ஆற்றலுள்ள கருவியிலிருந்தும் நெடுந்தொலைவு செல்ல வல்லவை. இதே அலை பகைவருக்கும் கேட்கும் என்பதுதான் இடர். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து அலை வரும் திசையை அளந்து, அந்தத் திசைக்கோடுகள் வெட்டும் புள்ளியைக் கண்டால், ஒலிபரப்பு எழும் கட்டடத்தை ஏறத்தாழக் குறித்துவிடலாம். அதனால் நிலையம் வீடு விட்டு வீடு மாறிக்கொண்டே இருந்தது. பதிவு செய்யும் இடமும் ஒலிபரப்பும் இடமும் தனித்தனியே வைக்கப்பட்டன.

உள்ளடக்கத்தில்தான் உஷாவின் தயாரிப்புத் திறன் வெளிப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து தூதர்கள் கொண்டுவந்த தகவல்கள் ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் செய்தியாக்கப்பட்டன. சிட்டகாங் மீதான குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் வேலைநிறுத்தம், விதர்ப்பாவின் ஆஷ்டி, சிமூர் ஊர்களில் நடந்த அடக்குமுறை ஆகியவற்றை நாளிதழ்கள் தொடத் தயங்கிய வேளையில் இந்த நிலையம் வெளியிட்டது. 1927இல் பிபிசியில் உரைகள் பிரிவின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹில்டா மாத்திசனுக்கு ஒரு நிறுவனமும் நிதியும் சட்டப் பாதுகாப்பும் இருந்தன. 22 வயது உஷாவுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணும்போது அவருடைய சாதனையின் அளவு புரியும்.

நவம்பர் 12 அன்று பிரின்டர் காவல்துறையிடம் அகப்பட்டு, இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தார். காக்கரின் அலுவலகம் சோதனையிடப்படுவதை அறிந்தும், ஒலிபரப்பை நிறுத்த மறுத்த உஷா, அன்று இரவு சந்திரகாந்துடன் கிர்காமில் இருந்த பாரேக் வாடிக் கட்டடத்துக்குச் சென்று நிகழ்ச்சியை நடத்தினார். 'வந்தே மாதரம்' இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கதவை உடைத்துக்கொண்டு காவலர்கள் நுழைந்தனர். பல மாத விசாரணையிலும் அவர் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டில் படிக்க வைப்பதாகக் கூறிய ஆசைவார்த்தைக்கும் இணங்கவில்லை. தனி நீதிமன்றம் காக்கருக்கு 5 ஆண்டும் உஷாவுக்கு 4 ஆண்டும் சந்திரகாந்துக்கு 1 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது.

உடல்நலம் குன்றி 1946 மார்ச்சில் எரவாடா சிறையிலிருந்து வெளிவந்த உஷா, காந்தியின் அரசியல், சமூகச் சிந்தனையை ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே அரசியல் துறைப் பேராசிரியராகப் பணியாற்றி 1980இல் ஓய்வு பெற்றார். 1998இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 2000 ஆகஸ்ட் 11 அன்று மறைந்தார்.

மின்சாரமும் பொறியியலும் அன்றாடப் பேச்சாக இருக்கும் நெய்வேலி நகரியத்தின் பள்ளிகளில், அலைநீளம் பற்றிய இயற்பியல் பாடமும் 1942 பற்றிய வரலாற்றுப் பாடமும் தனித்தனி வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. உஷா மேத்தாவின் வாழ்க்கையில் அவை இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. வரும் ஆகஸ்டில் ஏதேனும் ஒரு நாள், இரு பாட ஆசிரியர்களும் சேர்ந்து ஒரே வகுப்பில் நின்று இந்த நிலையத்தின் கதையை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.